படிகம் வளர்க்கும் கலை

திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் பளிங்கை உவமையாக எடுத்தாள்கிறார். தன்னை அடுத்துள்ள பொருளின் நிறத்தைத் தன்னகத்தே வாங்கிக் காட்டும் அதன் இயல்பே அங்கு உவமைக்கு அடிப்படை. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலோ, மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காணும் கோவலனோடு நாமும் உடன் நடக்கிறோம். ஒன்பது வகை மணிகளின் குணத்தையும் குற்றத்தையும் அங்குள்ள வணிகர் எவ்வாறு பிரித்தறிந்தனர் என்பதை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். காக்கையின் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு ஆகியவை வைரத்தின் குற்றங்களாக அங்கே சொல்லப்படுகின்றன.

மணியின் தெளிவையும் குற்றத்தையும் கூர்ந்து நோக்கிய அந்தப் பழைய கண்ணுக்கு இன்று புதியதொரு வேலை வாய்த்துள்ளது. இக்காலத்து விஞ்ஞானிக்கு மணி அணிகலன் அன்று, கருவி. ஒளியின் நிறத்தை மாற்றவும், கண்ணுக்குப் புலனாகாத கதிர்களைக் கண்டறியவும் அவனுக்குக் குற்றமற்ற படிகம் வேண்டும். நிலத்தைத் தோண்டி அத்தகைய படிகத்தைத் தேடினால் போதிய அளவில் கிடைப்பதில்லை. ஆகவே அவனே அதை வளர்க்கிறான். அந்தக் கலையின் இயல்பையும், அதில் தமிழ்நாட்டு அறிஞர் இருவர் வகுத்த முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

படிகம் என்பது யாது?

ஜொகூரில் குளுவாங், ரெங்கம் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களின் ஓரமாக வண்டியில் செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். மரங்கள் அடர்ந்து வழி இல்லாததுபோல் தோன்றும். சற்று நகர்ந்தவுடன் நேரான நிரை ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம் திறந்து, மறுகணமே மூடிக்கொள்ளும். பின்னர் வேறொரு கோணத்தில் வேறொரு நிரை திறக்கும். மரங்களை முக்கோண ஒழுங்கில், சம இடைவெளியில் நட்டிருப்பதே இதற்குக் காரணம். தானாக முளைத்த காட்டில் இந்தக் காட்சி கிட்டாது.

படிகத்தின் அமைப்பும் இத்தகையதே. அதனுள் அணுக்கள் மூன்று திசைகளிலும் ஒரே ஒழுங்கில், ஒரே இடைவெளியில் நிரல்பட நிற்கின்றன. கண்ணாடியோ காட்டைப் போன்றது. அதன் அணுக்களுக்கு நெடுந்தூர ஒழுங்கு இல்லை. 1912-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் லாவே எக்ஸ் கதிர்களைக் கொண்டு இவ்வொழுங்கு உண்டெனக் காட்ட வழி கண்டார். 1913-ஆம் ஆண்டில் பிராக் என்னும் தந்தையும் மகனும் சமையல் உப்பின் உள்ளமைப்பையே அளந்து சொன்னார்கள். உப்பில் சோடியமும் குளோரினும் ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் அவை ஏறக்குறைய 35 லட்சம் நிற்கும். அந்த வரிசை கடைசிவரை பிறழாமல் செல்வது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று.

செம்பனை உவமையில் கவனிக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. ஒழுங்காக நட்ட தோட்டத்தில் எல்லாத் திசைகளும் ஒரே தன்மையுடையன அல்ல. சில திசைகளில் பார்வை ஊடுருவும், சிலவற்றில் தடைபடும். அவ்வாறே படிகம் பலவற்றிலும் ஒளி, வெப்பம், காந்தம் முதலியவற்றின் விளைவு திசைக்குத் திசை மாறுபடும். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் டாக்காவில் பணியாற்றிய காலத்தில், 1928 முதல் 1933 வரை, படிகங்களின் காந்த இயல்பு திசைதோறும் வேறுபடுவதைத் துல்லியமாக அளக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கிப் புகழ்பெற்றார். படிக ஆராய்ச்சியில் தமிழர்க்குள்ள தொடர்பு அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

ஒற்றைப் படிகமும் பல்படிகமும்

படிகப் பொருள் எல்லாமே ஒற்றைப் படிகம் அன்று. ஒரு பெருந்தோட்டத்தைப் பல குத்தகைக்காரர் பிரித்து எடுத்து, ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி ஒவ்வொரு திசையில் நிரை பிடித்து நட்டால் என்னவாகும்? ஒவ்வொரு துண்டிலும் ஒழுங்கு இருக்கும். ஆனால் துண்டுகளின் எல்லையில் நிரை முறியும். நாம் கையாளும் இரும்பு, செம்பு, சலவைக்கல் ஆகியவை இத்தகைய பல்படிகங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நிரையாக அமைந்தது ஒற்றைப் படிகம்.

இந்த வேறுபாடு வெறும் நூலறிவு அன்று. சலவைக்கல் வழியே எதிர்ப்புறத்தைப் பார்க்க முடியாது. அதே சுண்ணாம்புப் பொருளால் ஆன கால்சைட்டு ஒற்றைப் படிகத்தின் வழியே எழுத்தைப் படிக்கலாம். அதிலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். பல்படிகத்தின் எல்லைகளில் ஒளி சிதறி வலுவிழப்பதும், ஒற்றைப் படிகத்தில் சிதறாமல் செல்வதுமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

ஒளியை மாற்றும் படிகம்

1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க விஞ்ஞானி மெய்மன் முதல் லேசர் ஒளியைத் தோற்றுவித்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது மாணிக்கக் கோல். நவமணிகளுள் ஒன்றாகத் தமிழர் போற்றிய மாணிக்கம், விஞ்ஞானியின் கையில் அலுமினிய ஆக்சைடுடன் சிறிதளவு குரோமியம் கலந்த படிகம் ஆகிறது.

மறு ஆண்டே, 1961-இல், பிராங்கன் என்பவரும் அவர்தம் குழுவினரும் மாணிக்க லேசரின் சிவப்பொளியைக் குவார்ட்ஸ் படிகத்தின் வழியே செலுத்தினர். உட்சென்ற ஒளியின் அலைநீளத்தில் சரிபாதி உடைய புற ஊதா ஒளியும் மிகச் சிறிதளவு வெளிவந்தது. படிகம் ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கிவிட்டது என்பது இதன் பொருள். இன்று பச்சை லேசர்கள் பலவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை இவ்வாறு இரட்டித்தே பெறப்படுகின்றன. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்னும் உப்பின் படிகம் இத்தொழிலில் நெடுங்காலமாகப் பேர் பெற்றது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒளி படிகத்தினுள் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் செல்லவேண்டும். நிரை திறக்கும் கோணம் சற்றே தவறினாலும் தோட்டத்தின் மறுமுனை தெரியாதல்லவா? அதுபோலக் கோணம் தவறினால் இரட்டித்தல் நிகழாமலே போகலாம். இந்நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டு முறையின் சிறப்பு இதிலேதான் அடங்கியுள்ளது.

கதிரைக் காட்டும் படிகம்

கதிரியக்கத்தைக் கண்ணால் காணவோ, மூக்கால் முகரவோ இயலாது. ஆயினும் சில பொருள்கள் கதிர் பட்டால் கணப்பொழுது மினுங்குகின்றன. ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் கைகரும் மார்ஸ்டனும் 1909-ஆம் ஆண்டில் இருட்டறையில் அமர்ந்து, துத்தநாக சல்பைடு திரையில் தோன்றிய மினுக்கங்களைக் கண்ணால் எண்ணினார்கள். அணுவின் நடுவே உட்கரு உண்டு என்ற உண்மைக்கு அந்தப் பொறுமையே வழிகோலிற்று.

1948-ஆம் ஆண்டில் ஹாப்ஸ்டாட்டர் என்னும் அமெரிக்கர், சோடியம் அயோடைடு படிகத்தில் சிறிதளவு தாலியம் சேர்த்தால் காமாக் கதிர் பட்டதும் அது மிக நன்றாக ஒளிர்வதைக் கண்டார். காமாக் கதிர் படிகத்தினுள் ஓர் எலெக்ட்ரானை உதைத்துத் தள்ளுகிறது; அந்த எலெக்ட்ரான் தன் ஆற்றலை வழியெல்லாம் இறைத்துச் செல்கிறது; அவ்வாற்றலைப் பெற்ற தாலிய மையங்கள் நீல ஊதா நிறத்தில் ஒளிவிடுகின்றன. பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு ஏறக்குறைய 38,000 ஒளித்துகள்கள் பிறக்கின்றன. படிகத்தை ஒட்டியுள்ள ஒளிப்பெருக்கிக் குழாய் இம்மினுக்கத்தை மின்துடிப்பாக மாற்றுகிறது.

இங்கே நுட்பமான செய்தி ஒன்று உண்டு. கதிரின் ஆற்றல் கூடினால் மினுக்கமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். ஆகவே மினுக்கத்தின் அளவைக் கொண்டு கதிரின் ஆற்றலைக் கணிக்கலாம். ஆற்றலைக் கொண்டு கதிரை வீசிய பொருள் இன்னதெனச் சொல்லலாம். சீசியம் 137 வீசும் கதிருக்கு 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். வாழைப்பழத்திலும் நம் உடலிலும் இயல்பாகவே உள்ள பொட்டாசியம் 40 வீசும் கதிருக்கு 1,460. ஒன்று அஞ்சத்தக்கது, மற்றொன்று இயற்கையானது என்று பிரித்துக் காட்டுவது படிகமே.

படிகத்தில் வெடிப்பும் மாசும் இருந்தால், ஓரிடத்தில் தோன்றும் மினுக்கம் முழுமையாகவும் மற்றோரிடத்தில் தோன்றும் மினுக்கம் குறைவாகவும் குழாயை வந்தடையும். அப்போது கணக்கு பிழைத்துவிடும். மருத்துவமனையில் நோயாளியின் உடலினுள் செலுத்தப்படும் டெக்னீசியம் மருந்து எங்கே தங்கியுள்ளது என்பதைக் காமாப் படக்கருவி அதன் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிரைக் கொண்டுதான் படமாக்குகிறது. ஹால் ஆங்கர் என்பவர் 1950-களின் பிற்பகுதியில் உருவாக்கிய அக்கருவியின் உள்ளம் சோடியம் அயோடைடு படிகமே. படிகத்தின் குற்றம் படத்தின் குற்றமாகவும், படத்தின் குற்றம் நோயறிதலின் குற்றமாகவும் முடியக்கூடும். மணிக்கடை வணிகன் குற்றம் பார்த்தது விலைக்காக; இங்கே குற்றம் பார்ப்பது உயிருக்காக.

அடிப்படை ஆராய்ச்சியிலும் படிகத்தின் பங்கு பெரிது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தின் சி.எம்.எஸ். கருவியில் 75,848 ஈய டங்ஸ்டேட் படிகங்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை. எஃகினும் கனமானது, எனினும் கண்ணாடிபோல் தெளிவானது. 2012-ஆம் ஆண்டு ஜூலை 4-இல் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகளின் கண்டுபிடிப்பில், அத்துகள் இரண்டு ஒளித்துகள்களாகச் சிதைந்ததை அளந்தவற்றுள் இப்படிகங்களும் அடங்கும்.

வளர்ப்பது எவ்வாறு?

படிகம் வளர்வதை நம் வீட்டிலேயே அறிவோம். சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டுக் கற்கண்டு எடுக்கிறோம். தூத்துக்குடி, வேதாரணியம் உப்பளங்களில் கடல்நீர் வெயிலில் வற்ற, உப்பு படிகிறது. இரண்டிலும் நிகழ்வது ஒன்றே: நீரால் தாங்கமுடியாத அளவுக்குப் பொருள் மிகும்போது, மிகுதி படிகமாக வெளிப்படுகிறது.

இந்நிலையைத் தமிழில் தெவிட்டிய கரைசல் என்கிறோம். உண்டு நிறைந்தவனுக்கு மேலும் பரிமாறினால் தெவிட்டுவதுபோல, நீரும் இனி ஏற்காத நிலை அது. அதனையும் கடந்து கரைபொருள் மிகுந்திருப்பது மீதெவிட்டிய கரைசல். மீதெவிட்டல் அளவோடு இருந்தால், கரைசலில் நாம் இட்ட வித்துப் படிகத்தின்மேல் மட்டும் பொருள் அமைதியாகப் படியும். அளவு மிஞ்சினால், எங்கும் ஆயிரக்கணக்கான சிறு படிகங்கள் தாமாகவே தோன்றி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இந்தக் குறுகிய இடைவெளியில், வாரக் கணக்காகவும் மாதக் கணக்காகவும், வெப்பம் ஏறாமலும் இறங்காமலும் காத்து நிற்பதே படிகம் வளர்ப்பவரின் திறமை. நடுவே மின்சாரம் நின்றாலோ, கலம் அதிர்ந்தாலோ, ஒரு மாத உழைப்பு ஒரு கணத்தில் வீணாகலாம்.

கரைசலில் வளராத பொருள்களை உருக்கி வளர்க்கவேண்டும். வெர்னாயில் என்னும் பிரெஞ்சுக்காரர் 1902-ஆம் ஆண்டில், அலுமினிய ஆக்சைடுத் தூளைத் தீச்சுடரின் வழியே தூவி உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். போலந்து நாட்டவரான சோக்ரால்ஸ்கி 1916-ஆம் ஆண்டில் பெர்லினில் பணியாற்றியபோது, மைக்கூட்டில் தோய்க்கவேண்டிய எழுதுகோலைக் கவனக்குறைவாக உருகிய வெள்ளீயத்தில் தோய்த்து எடுத்ததாகச் சொல்லப்படுகிறது. முனையில் ஒட்டி வந்த மெல்லிய உலோக இழை ஒற்றைப் படிகமாக இருந்தது. அதிலிருந்து பிறந்ததே சோக்ரால்ஸ்கி முறை. உருகிய பொருளின் மேற்பரப்பில் வித்தைத் தொடவைத்து, மெல்லச் சுழற்றியவாறு மேலே இழுப்பர். நம் கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் வேண்டிய சிலிக்கன், இன்று 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூண்களாக இவ்வாறே இழுக்கப்படுகிறது. பிரிட்ஜ்மன் 1925-இல் வகுத்த முறையிலோ, கூரிய அடியுள்ள குடுவையில் உருகிய பொருளை உலையிலிருந்து மெல்லக் கீழிறக்குவர். கூர்நுனியில் முதலில் உறையும் சிறு படிகம் மேலுள்ள உருகுநிலைப் பொருளுக்கு வித்தாகிறது. சோடியம் அயோடைடை வளர்க்க இவ்வகை முறை பெரிதும் ஏற்றது.

இத்துறை ஜொகூருக்கும் புதிதன்று. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லித்தியம் நியோபேட் படிகத்தைச் சோக்ரால்ஸ்கி முறையில் வளர்த்து, நியோடிமியம் முதலியவற்றைச் சேர்த்து, அதன் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்துள்ளனர். அப்பொருள் உருகுவதற்கு ஏறக்குறைய 1,250 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஒளியிழை வழியே செய்தி அனுப்பும் கருவிகளில் அதற்குச் சிறப்பிடம் உண்டு.

காரைக்குடியிலிருந்து ஒரு முறை

உயர்வெப்ப உலை, விலையுயர்ந்த உலோகக் கலம், தடையற்ற மின்சாரம் ஆகியவை எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் எளிதில் வாய்ப்பன அல்ல. அதனால் படிக வளர்ச்சி செல்வநாடுகளுக்கே உரிய கலை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்நாட்டு வரலாறு உதவுகிறது.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சிக்கென்றே ஒரு மையம் 1982-ஆம் ஆண்டில் தோன்றியது. அதனை நிறுவி வளர்த்தவர் பேராசிரியர் பி. இராமசாமி. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. சங்கரநாராயணனும் அவரும் இணைந்து, கரைசலிலிருந்து விரும்பிய ஒரே திசையில் படிகம் வளர்க்கும் முறையை 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்தம் பெயர்களாலேயே அது சங்கரநாராயணன் – இராமசாமி முறை என்று உலக ஆய்விதழ்களில் வழங்குகிறது, சுருக்கமாக எஸ்.ஆர். முறை.

இதன் அமைப்பு எளியது. அடிப்புறம் குவிந்த கண்ணாடிக் குழாய் ஒன்று வேண்டும். அதன் அடியில் வித்துப் படிகத்தை நாம் விரும்பும் திசை மேல்நோக்குமாறு பொருத்துவர். மேலே தெவிட்டிய கரைசலை நிரப்புவர். குழாயின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு வெப்ப வளையம். அடிப்பகுதியைச் சுற்றி மற்றொன்று. மேல் வளையம் சற்று மிகுந்த வெப்பத்தில் இருக்கும். அதனால் கரைப்பான் மேற்பரப்பில் மெல்ல ஆவியாகிறது; செறிவு மிகுந்த கரைசல் கீழிறங்குகிறது; கீழே வெப்பம் குறைந்த இடத்தில் உள்ள வித்தின்மேல் பொருள் படிகிறது. படிகம் குழாயின் அகலம் முழுவதையும் நிறைத்துக்கொண்டு, நாளுக்குச் சில மில்லிமீட்டர் அளவில் மேல்நோக்கி உயர்கிறது. முதலில் அவர்கள் இவ்வாறு வளர்த்தது பென்சோபீனோன் என்னும் கரிமப் படிகம்.

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன நிபந்தனைக்கு இப்போது வருவோம். ஒளியை இரட்டிக்கக் குறிப்பிட்ட கோணம் வேண்டும். வழக்கமான முறையில் கரைசலில் வளரும் படிகம் தன் இயல்பான முகங்களோடு, தான் விரும்பிய வடிவில் வளர்கிறது. பின்னர் வேண்டிய கோணத்தில் அதனை அறுக்கவேண்டும். அறுக்கும்போது பெரும்பகுதி கழிவாகும். படிகம் வெடிப்பதும் உண்டு. எஸ்.ஆர். முறையிலோ படிகம் வளரும்போதே வேண்டிய திசையில் வளர்கிறது. குறுக்கே சில்லு சில்லாக நறுக்கினால் போதும். கரைந்திருந்த பொருள் ஏறத்தாழ முழுவதும் ஒரே படிகமாக மாறுவதால் வீணாவதும் குறைவு. அறையின் வெப்பத்தை ஒட்டிய நிலையிலேயே வளர்வதால், உலையில் வளரும் படிகங்களுக்கு நேரும் வெப்பத் தகைவும் இதற்குப் பெரிதும் இல்லை.

இம்முறையால் எல்லாம் கைகூடும் என்று கருதிவிடக் கூடாது. ஏற்ற கரைப்பானில் கரையும் பொருள்களுக்கே இது பொருந்தும். ஈய டங்ஸ்டேட்டுக்கு உலை வேண்டும். சோடியம் அயோடைடு நீரில் மிக எளிதாகக் கரையுமாயினும், சாதாரண வெப்பத்தில் அக்கரைசலிலிருந்து நீர் மூலக்கூறுகளையும் சேர்த்துக்கொண்ட வேறொரு படிகமே கிடைக்கும். காற்றின் ஈரத்தையும் அது உறிஞ்சுவதால், காற்றுப்புகா உறையினுள் அடைத்தே பயன்படுத்தவேண்டும். ஈரம் மிகுந்த நம் ஜொகூர்க் காற்றில் உப்புச்சாடி நீர்த்துப்போவதைக் காண்போர்க்கு இது விளங்கும்.

ஆயினும் கரைசல் வழியின் எல்லை சிலர் எண்ணியதைவிட விரிந்தது. ஸ்டில்பீன் என்னும் கரிமப் படிகம் விரைவு நியூட்ரான்களைக் காமாக் கதிர்களினின்று பிரித்துக் காட்டவல்லது. முன்னர் அது உருக்கியே வளர்க்கப்பட்டது. பெரிய அளவில் நல்ல படிகம் பெறுவது அரிதாக இருந்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தினர் அதனைக் கரைசலிலிருந்தே பெரிதாகவும் தெளிவாகவும் வளர்க்கலாம் எனக் காட்டினர். பொருளுக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுப்பதே அறிவு. செலவு மிகுந்த வழிதான் சிறந்தது என்பதற்கு விதி எதுவும் இல்லை.

சொல்லும் செயலும்

இத்தகைய பொருளைத் தமிழில் கற்பிக்கச் சொற்கள் உண்டா என்று ஐயுறுவோர் உளர். மலேசியாவில் 2003-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அத்திட்டம் கைவிடப்பட்டபின், 2016 முதல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. இவற்றையொட்டித் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி எழுந்த விவாதங்களை ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவர். பயிற்றுமொழி பற்றிய முடிவு எவ்வாறாயினும், சொல் இல்லை என்பது மட்டும் காரணமாக இருத்தல் ஆகாது.

பளிங்கு என்ற பழஞ்சொல் இன்று சலவைக்கல்லையும் குறிப்பதால் பொருள் மயங்க இடமுண்டு. எனவே படிகம் என்பதையே கலைச்சொல்லாகக் கொள்வது நன்று. ஒற்றைப் படிகம், பல்படிகம், வித்துப் படிகம், தெவிட்டிய கரைசல் ஆகியவற்றை இக்கட்டுரையில் தடையின்றி ஆள முடிந்தது. தெவிட்டிய கரைசல் என்னும் தொடர் தன் பொருளைத் தானே விளக்கிவிடுகிறது; மாணவன் அதை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை.

சொல்லோடு செயலும் சேரவேண்டும். அதற்கு உலை வேண்டா. மளிகைக் கடையில் கிடைக்கும் படிகாரம் போதும். வெந்நீரில் படிகாரத்தை இனிக் கரையாத அளவுக்குக் கரைத்து, துணியில் வடிகட்டி ஆறவிடுக. ஓரிரு நாளில் அடியில் சிறு படிகங்கள் தோன்றும். அவற்றுள் தெளிந்த ஒன்றைத் தேர்ந்து மெல்லிய நைலான் இழையில் கட்டி, ஆறிய தெவிட்டிய கரைசலில் தொங்கவிடுக. கரைசல் தெவிட்டாமல் இருந்தால் வித்து கரைந்துவிடும். சூடாக இருந்தாலும் கரைந்துவிடும். தாளால் மூடி, அசையாத இடத்தில் வைக்கவேண்டும். அடியில் வேறு படிகங்கள் தோன்றினால் கரைசலை வேறு கலத்திற்கு மாற்றி, வித்தைத் தொடர்ந்து வளர்க்கலாம். ஈரக்காற்றில் நீர் ஆவியாவது மெதுவாகவே நடக்கும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் படிகம் கலங்கிவிடும். சில வாரங்களில் எட்டு முக்கோண முகங்களோடு ஒரு மணி உருவாகும்.

அதனை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே வெண்புகைபோல் கலங்கல் எங்கே உள்ளது, கீறல் எங்கே ஓடுகிறது என்று மாணவர்களைப் பார்க்கச் சொல்லலாம். எந்த நாளில் கலத்தை அசைத்தோம், எந்த இரவில் மூடியை எடுத்தோம் என்பதை அவர்கள் எழுதிவைத்த நாட்குறிப்போடு ஒப்பிடலாம். குற்றத்தைக் கண்டு அதன் காரணத்தைத் தேடும் அந்தப் பழக்கத்திலிருந்தே படிகம் வளர்ப்போர் தோன்றுகின்றனர்.